சைபருக்குப் பக்கத்தில் எழுதியவர்

அவர் "சரி" என்று சொன்னால் அது சரியா தப்பா என்று எதிரே இருக்கும் பிள்ளைக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் எனக்கும் தெரியாது. தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே "சரி". பிள்ளை பிரமாதமாகச் சொன்னாலும் அதே சரி, உளறினாலும் அதே சரி. அதற்குப் பிறகு, "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்பார். பையனாக இருந்தால் "ஏம்லே அப்படிச் சொன்ன?" பிள்ளை சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வார்.

எழுத அந்தத் தேர்வுத் தாளில் இடமே கிடையாது. கேள்வி எண், பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அவ்வளவுதான். கட்டத்துக்குள் சைபர் அல்லது ஒன்று. அதற்கு மேல் பிள்ளையிடமிருந்து எதையும் எதிர்பார்க்காதவர்கள் அச்சடித்த தாள். அக்கா, அப்படித்தான் நான் அவரைக் கூப்பிடுவேன், கட்டத்துக்குள் சைபரைப் போட்டுவிட்டு, ஓரத்தில் நீல மையில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், பிள்ளை சொன்ன காரணத்தை எழுதுவார். ஓரம் நிறைந்தால் தாளைத் திருப்பி எழுதுவார். அதனால் அவருடைய அறிக்கைகள் எல்லாமே தாமதமாகத்தான் போகும்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் இருந்தது அந்தக் குழந்தைகள் மையம். படிப்பு வரவில்லை, பேச்சு வரவில்லை, ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான் என்று பிள்ளைகளை அங்கே அனுப்புவார்கள். நாங்கள் புத்தியை அளக்கும் தேர்வு வைப்போம். முடிவில் ஓர் எண் வரும். எழுபதுக்குக் கீழே வந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் புதிதாக ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடம் மாறும். சில சமயம் வீடே மாறி, எங்கேயோ ஒரு விடுதியில் போய்ப் படுக்க வேண்டியிருக்கும். உளவியலில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, உலகத்தைத் திருத்திவிடுகிற வேகத்தில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். அக்கா பல வருஷமாக அங்கே இருந்தார். நாற்பது வயது இருக்கும். ஆழ்வார்குறிச்சிப் பக்கம், எங்கள் வீட்டைப் போலவே மீன் வாடை படாத சைவ வீடு. நல்ல கறுப்பு. கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். எந்த நேரமும் யாரையோ சந்தேகப்படுகிற மாதிரி ஒரு பார்வை. அந்தச் சந்தேகம் பிள்ளைகள் மேல் இல்லை என்பது புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

முதல் வாரம் அது. படத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் நடந்து போகிறார், கூடவே ஒரு நாய். படத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது, அது என்ன என்று சொல்ல வேண்டும். விடைப் புத்தகத்தின்படி, நாயைப் பிடிக்கும் கயிறு. வந்திருந்தவன் திசையன்விளைப் பக்கத்து இரண்டாம் வகுப்புப் பையன். படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"கல்லு," என்றான்.

"சரி. ஏம்லே அப்படிச் சொன்ன?"

"நாய் பொறத்தால வருதுல்லா? அவரு கையில கல்லு இல்லையே."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. கட்டத்தில் சைபர் போட்டார், ஓரத்தில் நாயையும் கல்லையும் எழுதினார், அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பையன் போனதும் நான் ஆரம்பித்தேன்.

"அவன் சொன்னதுல என்னக்கா தப்பு? அந்தப் படத்த வரைஞ்சவன் ஊர்ல நாயக் கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போவான். நம்ம ஊர்ல நாய்தான் நம்மளக் கூட்டிட்டுப் போவும், தெருமுனை வரைக்கும் ஓட ஓட. இதுக்குப் போய் சைபர் போடுதீங்க?"

"புத்தகத்துல கயிறுன்னுதான இருக்கு."

"பெறகு அவன் சொன்னத எதுக்கு எழுதுதீங்க?"

"சைபர் அவங்க கேட்டது. இது பிள்ளை சொன்னது. ரெண்டும் தாள்ல கெடக்கட்டும்."

இதுதான் அக்கா. எனக்கு அவரைப் பிடித்துப்போனதும் இதனால்தான், ஆத்திரம் பொங்கியதும் இதனால்தான். பிள்ளைக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று தெரிந்து, அதைக் கேட்டு, அழகாக எழுதியும் வைத்துவிட்டு, அதே கையால் சைபரும் போடுவார்.

இந்தத் தேர்வுகள் பிறந்த கதையை நான் கல்லூரியில் படித்து மண்டையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருப்பேன். எங்கோ குளிர்நாட்டில், வெள்ளைத்தோல் பிள்ளைகளை, அதிலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளை வைத்துக் கேள்வி செய்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைப் புத்தி என்று சொன்னார்கள். அதே கேள்வியைக் கறுப்புப் பிள்ளைகளிடமும், கப்பலில் வந்து இறங்கிய வேற்றுநாட்டுப் பிள்ளைகளிடமும் கேட்டார்கள். எண் குறைந்தது. அளவுகோல் கோணலோ என்று யோசிக்காமல், இந்த இனத்துக்குப் புத்தியே இவ்வளவுதான் என்று எழுதிவைத்தார்கள். அதன் பேரப்பிள்ளையைத்தான் நாம் நகல் எடுத்து, மொழி மாற்றி, பாளையங்கோட்டையில் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அக்கா தயிர்சாதத்தைப் பைய உருட்டிக்கொண்டே கேட்பார். "முடிஞ்சிட்டா? சாப்புடுட்டி. அடுத்த பிள்ளை வந்து உக்காந்திருக்கும்."

அவருக்கென்று சில ஏற்பாடுகள் உண்டு. பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலிக்கு எதிரே பெரிய நாற்காலியில் உட்கார மாட்டார். தச்சரைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியின் நாலு காலையும் அறுத்துக் குள்ளமாக்கிவிட்டார். மையத்தின் இயக்குநர் அதற்கு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேரம் பார்க்கும் கருவியைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். பனங்கற்கண்டு ஒரு சம்புடத்தில் இருக்கும், தேர்வு முழுக்க முடிந்த பிறகுதான் திறப்பார். நடுவில் கொடுத்தால், சரியாகச் சொன்னதற்குப் பரிசு என்று பிள்ளை நினைத்துவிடுமாம்.

கூட வருகிறவர்களிடம் மட்டும் அவருக்குப் பொறுமை கிடையாது. ஒரு தகப்பனார், பஜாரில் கடை வைத்திருப்பவர், மகன் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்து விடை சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா பேனாவை மூடினார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு டெஸ்டு நாளைக்குத்தான். இன்னைக்குப் பிள்ளைக்கு. வெளிய இருங்க."

பள்ளிக்கூடங்கள் அனுப்பும் படிவத்தில் 'அனுப்பும் காரணம்' என்று ஒரு பத்தி இருக்கும். வாத்தியார்மார் அதில் மனசைத் திறந்து எழுதியிருப்பார்கள். 'பனையேறி வீட்டுப் பிள்ளை, மந்தம்.' 'கடற்கரைப் பிள்ளை, கவனம் இல்லை.' அக்கா அந்தப் பத்தியை உள்பக்கமாக மடித்து, மேலே கனமாக எதையாவது வைத்துவிடுவார். தேர்வு முடிந்த பிறகுதான் விரிப்பார். "மொதல்லயே படிச்சா எனக்கும் அப்படியே தெரியும்லா," என்று ஒருமுறை சொன்னார். எனக்கும் தெரியும் என்று அவர் தன்னையும் சேர்த்துச் சொன்னது அன்று எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பழைய தேர்வுப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. இரண்டு பெண்களின் முகம். 'இவர்களில் யார் அழகு?' இதுவும் புத்தியை அளக்கிற கேள்விதான். ஒரு முகத்துக்குக் கூர்மையான மூக்கு, மெல்லிய உதடு, படிய வாரிய தலை. இன்னொன்றுக்கு அகன்ற மூக்கு, தடித்த உதடு, சுருண்ட முடி. அதைக் கோடு கோடாக இழைத்துக் கறுப்பாக்கியிருந்தார்கள். முதல் முகத்தைத் தொட்டால் ஒன்று. இரண்டாவதைத் தொட்டால் சைபர். ஒரு சிறுமி, ஐந்து வயது இருக்கும், இரண்டாவதைத் தொட்டாள்.

"சரி. ஏம்மா அப்படிச் சொன்ன?"

"இந்த அத்தைதான் திட்ட மாட்டாங்க."

அக்கா எழுதினார். சைபரும் போட்டார்.

அன்று தேர்வு முடிந்ததும், சிறுமி எழுவதற்குள்ளேயே நான் கத்தியே விட்டேன். "இந்தக் கேள்வியாவது விட்டுருக்கலாம்லாக்கா! கறுப்பா இருக்கவங்கள அசிங்கம்னு சொல்லத் தெரிஞ்சாத்தான் புத்தின்னா, இது என்ன டெஸ்டு? நம்ம மூஞ்சிய நம்மளே கண்ணாடியில பாத்ததில்லையா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் படத்தில் தோற்றுப்போன முகத்துக்கும் அக்காவின் முகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார்.

"எனக்கும் அதுல சைபர்தான்ட்டி. சின்ன வயசுலயே போட்டுட்டாவ," என்றார். பனங்கற்கண்டுச் சம்புடத்தைத் திறந்து அந்தச் சிறுமிக்கு இரண்டு துண்டு கொடுத்தார். எப்போதும் ஒன்றுதான் கொடுப்பார்.

அதற்கு மறுநாளே நான் ஒரு முடிவோடு வந்தேன். நாமே ஒரு தேர்வு செய்யலாம். நம் ஊருக்கு, நம் ஊர்ப் படங்களோடு. கயிறு கட்டிய நாய் வேண்டாம், கறுப்பு முகத்துக்குச் சைபர் வேண்டாம். மடிக்கணினியில் ஒரு கோப்பு திறந்து, 'நெல்லைத் தேர்வு' என்று பெயரும் வைத்துவிட்டேன். அக்கா முதலில் வேண்டாம் என்றார். பிறகு ஒரு சனிக்கிழமை, ஒன்றும் சொல்லாமல், பென்சிலால் வரைந்த ஒரு படத்தை என் மேசையில் வைத்தார். சக்கரம் ஒன்று இல்லாத மாட்டுவண்டி. என்ன கை! கோடு அப்படி ஓடியிருந்தது. அதற்கப்புறம் வாரம் இரண்டு மூன்று படம் வந்தது. வாளி இல்லாத கிணறு, படிக்கட்டு இல்லாத படித்துறை, கைப்பிடி இல்லாத குடை. நான் கேள்விகளைத் தட்டச்சு செய்வேன், அவர் திருத்துவார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்த மாதங்கள் வேறு இல்லை. இப்போது சென்னையில் ஆய்வு மாணவியாக, குளிரூட்டிய அறையில், நல்ல காகிதத்தில் அச்சான தேர்வுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பென்சில் சீவுகிற சத்தம் எங்காவது கேட்டால் தலை தானாகத் திரும்புகிறது.

படங்கள் சேர்ந்துகொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் ஜெனிட்டா வந்தாள்.

கடற்கரைக் கிராமத்துப் பிள்ளை. மூன்றாம் வகுப்பு. அப்பா கடலுக்குப் போகிறவர். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் அவள் பார்க்கவே இல்லை. நேராக மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்து, எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்று எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். எண் எழுபதுக்குக் கீழே வந்தால் ஊரைவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு சிறப்புப் பள்ளி விடுதிக்கு மாற்றுவது என்று பேசி வைத்திருந்தார்கள். எண்ணும் வேண்டும், பெற்றவர் சம்மதமும் வேண்டும். அவளுடைய அம்மா, "டீச்சர்மாரு சொன்னா சரியாத்தான இருக்கும்," என்று கையில் பையோடு நின்றார். ஜெனிட்டா அந்த அம்மாவின் சேலை நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

பழைய தேர்வைத்தான் அக்கா முதலில் வைத்தார். சைபர் மேல் சைபர். ஓரமெல்லாம் நீல எழுத்து. தாள் நிறைந்ததும், வழக்கம்போல் கூட்டி எண் போடாமல், அப்படியே உறைக்குள் வைத்துவிட்டார்.

"என்னக்கா, கூட்டலியா?"

"அடுத்த வாரம் வரச் சொல்லிருக்கேன். நம்ம புத்தகத்த வச்சுப் பாப்போம்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் தேர்வுக்கு முதல் பிள்ளை!

அடுத்த வாரம் ஜெனிட்டா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். வண்டிக்குச் சக்கரம் இல்லை என்றாள். குடைக்குப் பிடி இல்லை என்றாள். நான் மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாவது படம். அக்கா வரைந்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த படம் அது. வாழையிலை, நடுவில் சோறு, மேலே சொதி, ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மறுவீட்டுச் சாப்பாடு என்றால் தேங்காய்ப்பாலில் வைத்த சொதிதான். சொதி என்றால் கூடவே இஞ்சிப் பச்சடி இருந்தாக வேண்டும். படத்தில் அந்தப் பச்சடி இல்லை. 'நெல்லைக்காரப் பிள்ளை எதுக்கும் இது தெரியாம இருக்காது,' என்று நாங்கள் இருவரும் பேசிச் சிரித்து, அதை எளிய கேள்விகளோடு வைத்திருந்தோம்.

ஜெனிட்டா இலையைப் பார்த்தாள். அவளுடைய அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"மீனு."

"சரி," என்றார் அக்கா. வழக்கமான அந்தச் "சரி" இல்லை. கொஞ்சம் ஆடிப்போயிருந்தது. "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"சோறு இருக்கு. கறி ஊத்தியிருக்கு. மீன எங்க?"

பின்னால் நின்ற அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "டீச்சர், அது உங்க பக்கத்துக் கல்யாண வீட்டுச் சோறா? நாங்க அங்கனயெல்லாம் உக்காந்து சாப்பிட்டதில்ல. அதான் பிள்ளைக்குத் தெரியல. தப்பா நெனச்சுக்காதீய."

அக்கா பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். கட்டம் காலியாக இருந்தது. இந்த முறை விடைப் புத்தகத்தை எழுதியவன் எங்கோ குளிர்நாட்டில் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான் எழுதினோம். பெயர்கூட வைத்தோம், நெல்லைத் தேர்வு என்று.

அக்கா ஒன்றும் போடவில்லை. புத்தகத்தை மூடி, பனங்கற்கண்டு கொடுத்து, இருவரையும் அனுப்பினார். கதவு சாத்தியதும் என்னைப் பார்த்தார்.

"நம்ம ரெண்டு பேருந்தான பாத்தோம்? எத்தன நாளு பாத்தோம்? ஒருத்திக்குக்கூடத் தோணலியேட்டி."

"அதுக்கென்னக்கா, மாத்திருவோம். மீன் படம் ஒண்ணு சேத்தாப் போதும்."

"மீனச் சேப்ப. நாளைக்குக் கறி திங்கிற பிள்ளை வரும், கறியச் சேப்ப. வெறும் கஞ்சி குடிச்சிட்டு ஒரு பிள்ளை வந்தா, எத எடுப்ப?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்னிடம் எப்போதும் பதில் இருக்கும். அன்றும் இருந்தது, மாதிரிக் குழுக்கள், பகுதிவாரிச் சராசரி என்று. அவர் கேட்கிற நிலையில் இல்லை. அலமாரியைத் திறந்து பழைய தாள்களை எடுத்து, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஓரங்களை வாசிக்க ஆரம்பித்தார். சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஜெனிட்டாவுக்கு அவர் எழுதிய அறிக்கை அரைப்பக்கம். பிள்ளை இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் பார்க்கவில்லை, இவளை அளக்கும் அளவு எங்களிடம் இல்லை, அதே பள்ளியில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள். எண் இல்லை. இயக்குநர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"நம்பர் எங்கம்மா?"

"இல்ல சார்."

"பழைய டெஸ்டுல வரிசையா சைபர் போட்டிருக்கீங்கள்லா? கூட்டிக் குடுங்க."

"கூட்ட மாட்டேன் சார்."

"அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க அப்படித்தாம்மா. கையி காலு வேகம், தலை மெதுவு. நீங்க ஏன் இதுக்குப் போய் மல்லுக்கட்டுதீங்க?"

அக்கா விடுப்பு எழுதிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து நான்கு நாள்.

மூன்றாம் நாள் ஜெனிட்டாவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து உட்கார்ந்திருந்தார். இயக்குநர் உறையை என் மேசையில் வைத்தார். "கூட்டல்தானம்மா. மார்க்கு அவங்க போட்டதுதான். நீ கூட்டிக் கையெழுத்துப் போடு, போதும்."

அந்த வாரம் எனக்கு இயக்குநரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டியிருந்தது, சென்னையில் ஆய்வுக்கு விண்ணப்பிக்க. கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. இருந்தது என்று சொல்கிறேன். கட்டங்களை மட்டும் பார்த்துக் கூட்டினேன். அட்டவணையில் வயதுக்கு நேரே பார்த்தேன். எழுபதுக்குக் கீழே. கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கை வேகம், இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஓரங்களை நான் வாசிக்கவில்லை. வாசித்தால் கூட்ட முடியாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆள் அறிக்கையோடு போன பிறகுதான் வாசித்தேன். சூரியன் எங்கே மறையும் என்று ஒரு கேள்வி. மேற்கு என்று சொன்னால் ஒன்று. ஜெனிட்டா சொன்னது ஓரத்தில் இருந்தது: 'காலைல கடலுக்குள்ள இருந்து வரும். சாயங்காலம் எங்க வீட்டுக்குப் பொறத்தால போயி பனங்காட்டுக்குள்ள இறங்கிரும். அங்க போயி நான் பாத்ததில்ல, அம்மா விட மாட்டா.' பக்கத்தில் சைபர்.

விடுப்பு முடிந்து அக்கா வந்தார். நானே போய்ச் சொன்னேன், மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால். அவர் நகலை வாங்கி மேலிருந்து கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். அடியில் என் கையெழுத்து. திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நான் பதிலுக்குத் திட்டுவேன், சைபர் போட்டது யார் என்று கேட்பேன். அதற்குத் தயாராகவே நின்றேன்.

"கூட்டல் சரியாத்தான் இருக்கு," என்றார்.

பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. படியிறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு அவர் அந்த மாடிக்கு வரவில்லை. ராஜினாமா தபாலில் வந்தது. நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் எடுக்கவில்லை, பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவர் இருந்தபோது எனக்கு எரிச்சலாக இருந்த அதே கேள்விக்காக நான் ஏங்கினேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று அவர் என்னிடம் ஒருமுறை கேட்டிருக்கலாம். எந்தப் பிள்ளையையும் கேட்காமல் விட்டதில்லை, என்னை மட்டும் கேட்காமல் போய்விட்டார்.

மூன்று வருஷம் கழித்து, போன கோடை விடுமுறையில், ஜெனிட்டாவின் ஊருக்குப் பஸ் ஏறினேன். அவள் எந்த விடுதியில் இருக்கிறாள் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்றுதான் போனேன். வீட்டு வாசலில் அவளுடைய அம்மா கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க அந்த டீச்சர் கூட இருந்த பிள்ளைலா? வாங்க வாங்க."

"ஜெனிட்டா எங்க இருக்கா?"

"எங்க இருப்பா? உள்ளதான் கெடக்கா. ஆறாவது போறா. கணக்கு வராது, வாயி நல்லா வரும்."

"விடுதிக்கு அனுப்பலியா?"

"அனுப்பத்தான் பெட்டி கட்டுனோம். அன்னைக்கு மத்தியானம் அந்த டீச்சர் வேர்த்து விறுவிறுக்க வந்து நின்னாவ. சம்மதம் குடுக்காதீய, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, நான்தான் தப்பா மார்க்கு போட்டுட்டேன், கூட்டுனதும் தப்புன்னு சொன்னாவ. ஒரு வாய் தண்ணி குடிங்கன்னேன், மொதல்ல நீங்க மாட்டேன்னு சொல்லுங்கன்னுட்டாவ. மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"அதுல இருந்தது என் கையெழுத்து."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அவிய கையெழுத்துன்னுதான சொன்னாவ? நான் கேட்டேன், அடியில வேற பேரு இருக்கேன்னு. எல்லாம் என்னதுதான்னு சொல்லிட்டாவ."

"இல்ல. நான்தான் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

காகம் ஒன்று கருவாட்டுக்கு இறங்கியது. அதை விரட்டிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்தார்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? பிள்ளை எப்படிப் படிக்குதுன்னு மாசம் ஒருக்காப் பேசுவாவ. அவியகிட்டச் சொல்லுங்க."

நான் வேண்டாம் என்பதற்குள் எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு தடவைதான் மணி அடித்தது.

"சொல்லு ஜெனிட்டா," என்றது அந்தக் குரல். பின்னால் நிறையப் பிள்ளைகளின் சத்தம். "என்னட்டி, பேச மாட்டேங்க?"

மடிக்கணினியில், மாநாட்டு மேடையில், சாப்பாட்டு மேசையில் மூச்சு விடாமல் பேசுகிற எனக்கு, ஒரு வாக்கியத்தைத் தேடி எடுக்க அவ்வளவு நேரம் ஆனது.

"அக்கா, நான் கூட்டினது சரியில்லக்கா."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்பட்டது, பிள்ளைகளின் சத்தம் அடங்கியது. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ஜெனிட்டாவின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னும் வைக்கவில்லை.